எல்லை கடக்கும் லாரியும் இரண்டாவது சுமையும்

சத்தம் என்னும் சொல்லுக்கு ஓசை என்பதல்லாமல் மற்றொரு பொருளும் உண்டு. வண்டிக்குக் கொடுக்கும் வாடகைக்குத் தமிழில் வண்டிச்சத்தம் என்று பெயர். ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிவிட்ட நம்மவர்களில் இளையவர்களுக்கு இச்சொல் புதிதாக இருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். மாட்டுவண்டிக் காலத்துச் சொல்லேயானாலும் அதைப் பற்றிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. சரக்குக்கு உரியவர் சத்தம் குறைய வேண்டும் என்கிறார். வண்டிக்கு உரியவர் கூட வேண்டும் என்கிறார். இருவருக்கும் இடையே வண்டியை ஓட்டுகிறவர் தம் சம்பளமும் படியும் என்ன ஆகுமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாட்டு லாரி மற்றொரு நாட்டுக்குள் நுழையும்போது இந்த மூவர் வழக்கு இரு தேசங்களின் வழக்காகிவிடுகிறது. அதைப் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகிறோம்.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. எல்லையைத் திறந்தால் குறைந்த கூலிக்கு ஓட்டும் அயல்நாட்டார் வந்து நம் ஓட்டுநர்களின் பிழைப்பைக் கெடுத்துவிடுவார்கள் என்பது ஒன்று. திறந்தால் சத்தம் குறையும், சரக்கு விரைந்து வரும், விலை இறங்கும், எல்லோருக்கும் நன்மையே என்பது மற்றொன்று. இரு கட்சியாரும் எல்லைக் கதவையே பார்த்துப் பேசுகிறார்கள். நமக்கோ, வழக்கின் முடிச்சு கதவில் இல்லை என்று தோன்றுகிறது. உள்ளே வந்த லாரி சரக்கை இறக்கிய பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் அது இருக்கிறது.

லாரித் தொழிலின் கணக்கைச் சற்றே நினைவுகூர்ந்தால் இது விளங்கும். சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நாகபுரிக்கு வரும் லாரியை எடுத்துக்கொள்வோம். போகும் நடைக்குக் கிடைத்த வாடகை டீசலுக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் ஓட்டுநர் படிக்கும் பெரும்பாலும் சரியாகிவிடும். திரும்பும்போது சுமை கிடைத்தால்தான் முதலாளிக்கு மிச்சம். கிடைக்காவிட்டால் புக்கிங் ஆபீஸ் வாசலில் இரண்டு நாளோ மூன்று நாளோ கிடக்க வேண்டும். அல்லது கைப்பணத்தைச் செலவழித்துக் காலி வண்டியை ஓட்டி வர வேண்டும். ஆகவே வெளியூர் லாரி ஒன்று உள்ளூர் லாரிக்குப் போட்டியாவது, அது கொண்டுவந்த முதற் சுமையால் அன்று. அங்கே அது தேடும் இரண்டாவது சுமையாலேயே. அந்த இரண்டாவது சுமையை யார் ஏற்றலாம், ஏற்றுகிறவருக்கு எந்த நாட்டுக் கூலி என்னும் இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, முதலில் வட அமெரிக்காவில் நடந்த ஒரு நீண்ட வழக்கைப் பார்ப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் எல்லையில், ரியோ கிராந்தே ஆற்றின் வடகரையில் லாரேடோ என்னும் நகரம் இருக்கிறது. தென்கரையில் நுவேவோ லாரேடோ, மெக்சிகோவைச் சேர்ந்தது. ஆற்றின்மேல் லாரிகளுக்கென்றே 2000ஆம் ஆண்டில் திறந்த பாலம் ஒன்று உண்டு. வடக்கு நோக்கி மட்டும் ஆண்டுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகள் லாரேடோ வழியாக நுழைகின்றன. இந்நகரில் ஒரு பொழுது நின்று பார்த்தால் விநோதமான காட்சி ஒன்றைக் காணலாம். தெற்கே 220 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மான்ட்டெர்ரே நகரிலிருந்து, சிகாகோவுக்குப் போகவேண்டிய சரக்கு ஒன்று புறப்படுகிறது. அதை ஒரே ஓட்டுநர் கொண்டுபோவதில்லை. மெக்சிகோ ஓட்டுநர் ஒருவர் அதை நுவேவோ லாரேடோவின் லாரிப் பேட்டை வரையில் கொண்டுவந்து, இழுத்துவந்த டிரெய்லரை விட்டுவிட்டுப் போகிறார். இரண்டாவது ஓட்டுநர் ஒருவர் பழைய முன்வண்டி ஒன்றைக் கொண்டுவந்து டிரெய்லரைப் பூட்டி, பாலத்தைக் கடந்து அமெரிக்கக் கரையில் விடுகிறார். அவர் கடக்கும் தூரம் சில மைல்கள்தாம். வரிசையில் நிற்கும் நேரமோ சில நாட்களில் பல மணி. மூன்றாவதாக அமெரிக்க ஓட்டுநர் ஒருவர் வந்து, அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சிகாகோ வழியைப் பிடிக்கிறார். இடையில் உள்ள இரண்டாமவரின் தொழிலுக்கு அங்கே டிரான்ஸ்ஃபர் என்று பெயர். பெரும்பாலும் பாலத்தை ஒரு தரம் கடந்தால் இவ்வளவு என்று அவருக்குக் கூலி பேசுகிறார்கள். வரிசையில் நிற்பதற்குக் கூலி இல்லை. அநேக வேளைகளில் அவர் திரும்புவதும் வெறும் முன்வண்டியோடுதான்.

ஒரு சுமைக்கு மூன்று ஓட்டுநர்கள் என்பது அமெரிக்கச் சட்டம் ஒன்றிலிருந்து பிறந்த ஏற்பாடு. 1982இல் அமெரிக்கப் பாராளுமன்றம் அயல்நாட்டு லாரிக் கம்பெனிகளுக்குப் புதிதாக உரிமம் கொடுப்பதை நிறுத்தி வைத்தது. கனடாவுக்கு அத்தடை விரைவில் நீங்கியது, மெக்சிகோவுக்கு நீங்கவில்லை. எல்லை நகரங்களை அடுத்த சிறு வட்டாரத்துக்குள் மட்டும் மெக்சிகோ வண்டிகள் வரலாம் என்று ஆயிற்று. பின்னர் 1994 ஜனவரி முதல் நாள் மூன்று நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 1995 டிசம்பர் 18 முதல் எல்லைப்புற மாநிலங்களிலும், 2000 ஜனவரி முதல் நாடு முழுவதிலும் மெக்சிகோ லாரிகள் வரலாம் என்று அதில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்கள். அந்த டிசம்பர் 18ஆம் தேதியும் வந்தது. அன்றைக்கே கிளின்டன் அவர்களின் அரசாங்கம், பாதுகாப்பைக் காரணம் காட்டி, திறப்பதை ஒத்திவைத்துவிட்டது.

இதற்கு முன்னின்று பாடுபட்டவர்கள் டீம்ஸ்டர் சங்கத்தினர். டீம்ஸ்டர் என்றால் குதிரைகளைப் பூட்டி வண்டி ஓட்டுபவர் என்று பொருள். 1903இல் தோன்றிய சங்கமாதலால் குதிரை போய் லாரி வந்தபின்பும் பெயர் நிலைத்துவிட்டது. நம் வண்டிச்சத்தம் போலத்தான். மெக்சிகோ வண்டிகள் பழுதானவை, ஓட்டுநர்கள் தூக்கமின்றி ஓட்டுகிறவர்கள் என்று அவர்கள் சொன்னதைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. தொண்ணூறுகளில் பாலத்தருகே சோதித்த மெக்சிகோ வண்டிகளில், ஓட்டத் தகாதவை என்று நிறுத்தப்பட்டவற்றின் விகிதம் அமெரிக்க வண்டிகளைவிட மிகுதியாகவே இருந்தது. ஆனால் சோதித்த வண்டிகள் எவை? நாம் மேலே கண்ட டிரான்ஸ்ஃபர் வண்டிகள். சில மைல் தூரம் ஊர்ந்து, பாலத்தில் மணிக்கணக்கில் நின்று, திரும்பிவிடும் தொழிலுக்குப் புது வண்டியை யார் அனுப்புவார்? எல்லை மூடியிருந்ததால் பழைய வண்டி வந்தது. பழைய வண்டி வருகிறதென்று எல்லையை மூடி வைத்தார்கள்.

இதன் பிறகு வழக்கு மேல் வழக்கு. ஒப்பந்தப்படி அமைந்த நடுவர் குழு, அமெரிக்கா செய்தது ஒப்பந்த மீறல் என்று 2001 பிப்ரவரியில் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் மெக்சிகோ வண்டிகளுக்கென்று 22 நிபந்தனைகளை விதித்தது. சுற்றுச்சூழலைக் காட்டித் தொடர்ந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2004இல் அரசாங்கத்தின் பக்கமே தீர்ப்புக் கூறியது. 2007 செப்டம்பரில் பரீட்சார்த்தமாகச் சில கம்பெனிகளை அனுமதித்தார்கள்; 2009 மார்ச்சில் அதற்குப் பணம் ஒதுக்குவதைப் பாராளுமன்றம் நிறுத்தவே அதுவும் நின்றது. மெக்சிகோ இம்முறை பொறுக்கவில்லை. ஆண்டுக்கு சுமார் 240 கோடி டாலர் மதிப்புள்ள ஏறத்தாழ 90 அமெரிக்கப் பண்டங்களுக்குச் சுங்கவரியை உயர்த்திவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவருக்கும் லாரேடோ பாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உறையவைத்த உருளைக்கிழங்கின்மீது 20 சதவீதம் வரி விழுந்தபோது அவருக்குச் சம்பந்தம் நன்றாகவே புரிந்தது. மெக்சிகோவில் அவர் விற்றுவந்த இடத்தைக் கனடா நாட்டார் பிடித்துக்கொண்டார்கள்.

2011இல் இரு நாடுகளும் மறுபடி உடன்பட்டன, வரிகள் நீங்கின. அவ்வாண்டு அக்டோபர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு இரண்டாவது பரீட்சை நடந்தது. இருபது ஆண்டுக் காலம் எந்த வெள்ளத்துக்கு அஞ்சி அணை கட்டினார்களோ அந்த வெள்ளம் இப்பொழுது வரவேண்டும் அன்றோ? வந்த கம்பெனிகள் 15. மூன்று ஆண்டுகளில் அவற்றின் லாரிகள் எல்லையைக் கடந்தவை 28,000 முறைக்குச் சற்று மேல். அமெரிக்க மண்ணில் ஓடிய தூரம் எல்லாம் சேர்த்து 15 இலட்சம் மைல் அளவு. வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு 53 மைல் ஆகிறது. சிகாகோவும் நியூயார்க்கும் இருக்கட்டும். லாரேடோவிலிருந்து அந்த மாநிலத்து அடுத்த பெருநகராகிய சான் அன்டோனியோவுக்கே அதைவிட மும்மடங்கு தூரம்.

ஏன் இப்படி என்றால், இரண்டாவது சுமைக்கு அங்கே இடமில்லை. மெக்சிகோவிலிருந்து சிகாகோவுக்குச் சரக்கு கொண்டுபோன ஓட்டுநர், அங்கிருந்து மெக்சிகோவுக்கு வரும் சரக்கை ஏற்றலாம். சிகாகோவிலிருந்து டல்லாஸ் நகருக்குப் போகும் உள்நாட்டுச் சரக்கைத் தொடக் கூடாது. மெக்சிகோவுக்கு நேரே வரும் சுமை அவர் நிற்கும் இடத்தில், அவர் நிற்கும் நாளில் கிடைப்பது அருமை. காலி வண்டியை இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிக் கொண்டுவந்தால் குறைந்த சம்பளத்தால் வந்த ஆதாயமெல்லாம் டீசலில் எரிந்துபோகும். இன்ஷூரன்ஸ் செலவும், சோதனைத் தாமதமும் அதற்கு மேல். எல்லையின் இரு மருங்கிலும் டிரான்ஸ்ஃபர் தொழிலால் பிழைக்கும் வண்டிக்காரரும் சுங்கத் தரகரும் திறப்பதை வரவேற்கவில்லை. அதைவிட வியப்பு, மெக்சிகோவின் லாரி முதலாளிகள் சங்கமே இதை விரும்பவில்லை. புது வண்டிகளோடு அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் நாட்டுக்குள் வந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் எல்லை கடக்கும் தேவை எழவில்லை. மெக்சிகோவில் கூட்டாளிகளையோ கிளைகளையோ வைத்துக்கொண்டு, டிரெய்லரை மட்டும் பாலத்துக்கு மேல் அனுப்பி, ஓட்டுநர்களை அவரவர் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் அமெரிக்க ஓட்டுநரின் அச்சம் வீணானதா? அவருடைய வருமானம் குறைந்தது உண்மை. ஆனால் அது குறையத் தொடங்கியது மெக்சிகோ ஒப்பந்தத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே. 1980இல் அந்நாட்டில் லாரி வாடகைக்கும் உரிமத்துக்கும் இருந்த கட்டுப்பாடுகளை ஒரு சட்டத்தால் தளர்த்தினார்கள். சிறு கம்பெனிகள் பெருகின, வாடகை இறங்கியது, சரக்கு அனுப்புகிறவர்கள் மகிழ்ந்தார்கள். சங்கத்தில் சேர்ந்த ஓட்டுநர்களின் பங்கு சுருங்க, விலைவாசியோடு ஒப்பிட்ட உண்மைச் சம்பளமும் விழுந்தது. முன்பு தாமே லாரி ஓட்டியவரும் பின்னர் பொருளியல் பேராசிரியர் ஆனவருமாகிய மைக்கேல் பெல்சர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நெடுந்தூர ஓட்டுநருக்கு அங்கே மைல் கணக்கில் கூலி. சரக்குக் கிடங்கின் வாசலில் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் கணக்கில் வராது. இவையெல்லாம் உள்நாட்டிலேயே நடந்தவை. எல்லைக்கு அப்பால் நிற்கிறவரைக் காட்டுவது எளிது. பக்கத்துத் தெருக் கம்பெனியைக் காட்டுவது அவ்வளவு எளிதன்று.

2020 ஜூலையில் பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதிய ஒப்பந்தம் வந்தது. மெக்சிகோ நெடுந்தூர லாரிகளால் தன் தொழிலுக்குப் பெருந்தீங்கு நேர்கிறது என்று கருதினால் அவற்றைக் கட்டுப்படுத்தும் உரிமையை அமெரிக்கா அதில் தனக்கென வைத்துக்கொண்டது. 2025 ஜூன் முதல், ஆங்கிலம் போதிய அளவு தெரியாத ஓட்டுநரைச் சோதனையில் கண்டால் வண்டியை ஓட்டவிடாமல் நிறுத்தும்படி அங்கே உத்தரவாயிற்று. ஆனால் எல்லை வட்டாரத்துக்குள் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் நிறுத்துதல் இல்லை, குற்றக் குறிப்போடு விடலாம் என்றார்கள். டிரான்ஸ்ஃபர் ஓட்டுநர்களை நிறுத்தினால் பாலமே நின்றுவிடும் என்பது ஆணை எழுதியவர்களுக்கும் தெரிந்திருந்தது போலும்! வழியெங்கும் வேற்று மொழிப் பலகைகளையே பார்த்துக்கொண்டு தில்லி வரையில் லாரி கொண்டுவந்து சேர்க்கும் நம் நாமக்கல், சங்ககிரி ஓட்டுநர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். அங்கே கதை வேறு. இரண்டாவது சுமைக்கு அங்கே இடம் கொடுத்தார்கள். ஒரு நாட்டு வண்டி மற்றொரு நாட்டுக்குள் உள்நாட்டுச் சரக்கை ஏற்றி இறக்குவதை அங்கே கபோட்டாஜ் என்கிறார்கள். ஒரு துறைமுகத்திலிருந்து அதே நாட்டின் மற்றொரு துறைமுகத்துக்குக் கரையோரமாகவே செல்லும் கப்பல் தொழிலுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கிய சொல் இது. கடலிலிருந்து சாலைக்கு ஏறிவிட்டது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாமும் இதற்கு ஒரு சொல்லில் தமிழ் தேடிப் பார்த்து, இரண்டாவது சுமை என்பதே கேட்பவருக்கு விளங்கும் என்று விட்டுவிட்டோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விதிப்படி, வெளிநாட்டுச் சுமையோடு ஒரு நாட்டுக்குள் வந்த லாரி, அதை இறக்கிய 7 நாட்களுக்குள் 3 உள்நாட்டு நடைகள் ஓடலாம். 2004இல் போலந்து, லித்துவேனியா முதலிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்திருந்தன. அந்நாடுகளின் சம்பளத்தில் ஓட்டும் வண்டிகள் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இரண்டாவது சுமையும் மூன்றாவது சுமையும் ஏற்றின. போலந்து நாட்டு லாரிக் கம்பெனிகள் ஒன்றியத்திலேயே முதலிடத்துக்கு வந்தன. மெக்சிகோ எல்லையில் வராத வெள்ளம் இங்கே வந்தது. சத்தம் குறைந்தது, மேற்கு நாட்டு ஓட்டுநர்கள் பலர் நெடுந்தூரத் தொழிலை விட்டனர். வந்தவர்கள் சுகப்பட்டார்களா என்றால் அதுவும் இல்லை. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் லாரியின் முன்னறையே வீடு. சாலையோரத் தங்குமிடமே சமையலறை.

போலந்துக்காரர்கள் நெடுநாள் அதே நிலையில் இருக்கவில்லை. அவர்கள் சம்பளம் உயர, அவர்கள் கம்பெனிகள் உக்ரைன், ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டாரை வேலைக்கு அமர்த்தின. 2023ஆம் ஆண்டு ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்துக்கு அருகே, கிரேஃபென்ஹவுசன் என்னும் நெடுஞ்சாலைத் தங்குமிடத்தில் இத்தகைய ஓட்டுநர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஓட்டியது மேற்கு ஐரோப்பாவில், கம்பெனி போலந்தில், பிறந்த நாடு பெரும்பாலும் ஜார்ஜியாவும் உஸ்பெகிஸ்தானும். சம்பள பாக்கி வந்தாலன்றி வண்டியை எடுப்பதில்லை என்றார்கள். வண்டிகளை மீட்க முதலாளி காவல் ஆட்களை அழைத்துக்கொண்டு வந்தார். ஜெர்மன் போலீஸார் தடுத்துவிட்டனர். ஐந்து வாரங்கள் உட்கார்ந்திருந்து, ஏறத்தாழ 3 இலட்சம் யூரோ பாக்கியை அவர்கள் பெற்றுக்கொண்டு எழுந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டவர்களில் ஜெர்மன் தொழிற்சங்கத்தாரும் இருந்தனர் என்பதைக் குறிப்பிட வேண்டும். குறைந்த கூலிக்கு வருகிறவர் என்று எவரைக் குறை கூறினார்களோ அவர் கூலி உயர்ந்தால்தான் தங்கள் கூலியும் நிற்கும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் போலந்து லாரி முதலாளிகள் உக்ரைன் எல்லையில் சாலையை மறித்தார்கள். யுத்தத்தை முன்னிட்டு 2022இல் ஒன்றியம் உக்ரைன் லாரிகளுக்கு அனுமதிச்சீட்டு வேண்டாம் என்று செய்திருந்தது. அவர்கள் குறைந்த வாடகைக்கு ஓட்டி எங்கள் தொழிலைக் கெடுக்கிறார்கள், சீட்டு முறையை மீண்டும் கொண்டுவாருங்கள் என்பது கோரிக்கை. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் போலந்துக்காரரைப் பற்றிச் சொல்லிவந்த அதே வாசகம்! 2024 ஜனவரி வரையில் மறியல் நீடித்தது. குளிரில் கிலோமீட்டர் கணக்கில் நின்ற அவ்வரிசைகளில் காத்திருந்த உக்ரைன் ஓட்டுநர்கள் இருவர், வண்டி நிறுத்தும் இடங்களிலேயே உயிர் நீத்தனர். வாடகைப் போட்டி என்று நாம் காகிதத்தில் எழுதுவது சாலையில் இப்படியும் முடிகிறது.

இதற்கிடையில் ஒன்றியம் சும்மா இருந்துவிடவில்லை. 2020 ஜூலையில் புதிய சட்டங்கள் நிறைவேறின. வாரத்தின் முழு ஓய்வை லாரிக்குள் கழிக்கச் செய்யலாகாது. ஓட்டுநர் நான்கு வாரத்துக்கு ஒரு முறையாவது வீடு திரும்ப வழி செய்யவேண்டும். மூன்று உள்நாட்டு நடை ஓடிய வண்டி அந்நாட்டில் மறுபடி ஏற்ற நான்கு நாள் பொறுக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாரியும் தாய்நாடு திரும்ப வேண்டும் என்று எழுதியதை மட்டும் ஒன்றியத்தின் நீதிமன்றம் 2024 அக்டோபரில் நீக்கிவிட்டது. காலி வண்டியை ஓட்டி வீட்டைக் காட்டிக்கொண்டு போவதில் யாருக்கு என்ன பயன் என்பது நியாயமான கேள்வியே. நம் நோக்கில் இவற்றுள் தலையாயது, 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கூலி விதி. தன் நாட்டிலிருந்து கொண்டுவந்த சுமைக்குத் தன் நாட்டுக் கூலி. அயல்நாட்டுக்குள் ஏற்றும் இரண்டாவது சுமைக்கு அந்த நாட்டுக் கூலி. ஒரே ஓட்டுநர், ஒரே லாரி. சுமை மாறினால் கூலிப் பட்டியல் மாறுகிறது. கணக்கு எழுதுவது கடினம்தான். சோதனை செய்பவர்களும் போதாது என்கிறார்கள். ஆயினும் எல்லையைப் பூட்டாமலே உள்ளூர் ஓட்டுநரின் சம்பளத்தைக் காக்க எழுதிய விதிகளுள் முடிச்சைச் சரியான இடத்தில் தொட்டது இதுவே என்பது நம் கருத்து.

வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நமக்கு இது விளங்காத தத்துவம் அன்று. மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் தமிழரும் பஞ்சாபியரும் வங்காளியரும் பக்கத்து நாற்காலிகளில் இருக்கிறோம். சம்பளப் பட்டியல் ஒன்று. குறைந்த சம்பளத்துக்கு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டான் என்று நம்மை ஒருவரும் சொல்ல இயலாது. கூலி பேசி வேலை செய்யும் நம்மவர்கள் பலர் அச்சொல்லை வேறு வேறு நகரங்களில் கேட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இரண்டாவது சுமைக்கு விதி இருக்கிறது. அநேகருக்கு அது தெரிவதில்லை. தேசிய அனுமதிச்சீட்டு பெற்ற லாரி, 2010 மே முதல் ஒரே கட்டணத்தில் நாடு முழுவதும் ஓடலாம். ஆனால் அந்தச் சீட்டைக் கொண்டு வேறொரு மாநிலத்துக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி மற்றோரிடத்தில் இறக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. நாம் முன்னே சொன்ன சேலத்து லாரி நாகபுரியில் ஜவ்வரிசியை இறக்கிவிட்டுக் கொல்கத்தாவுக்குச் சுமை ஏற்றலாம். மும்பைக்கு ஏற்றலாகாது, இரண்டும் மகாராஷ்டிரத்தில் இருப்பதால். மும்பைச் சுமை உள்ளூர் வண்டிக்காரருக்கு என்று ஒதுக்கியாயிற்று. இந்த ஒரு விதியில் பாதி ஐரோப்பா அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. மறு பாதியாகிய கூலி விதி இதில் இல்லை.

கொல்கத்தா நேயர்களுக்கு மிக அருகிலேயே ஒரு லாரேடோ உண்டு. நகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில், வனகாவ் என்னும் பன்காவ் நகரத்தை அடுத்த பெட்ராபோல் எல்லை. அப்பால் வங்காள தேசத்தின் பேனாபோல். பல மாநிலங்களிலிருந்து வரும் நெடுந்தூர லாரிகள் சரக்கோடு பன்காவில் நிற்கின்றன. பல வேளைகளில் சரக்கை உள்ளூர் லாரிக்கு மாற்றி, அதுவே எல்லையைக் கடக்கிறது. பேனாபோல் முற்றத்தில் சரக்கை இறக்கிவிட்டு, லாரி திரும்ப வேண்டியதுதான். டாக்கா வரை போக உரிமையில்லை. அங்கிருந்து வங்காள தேசத்து லாரி எடுத்துச் செல்லும். மறுதலையாகவும் அவ்வாறே. 2016இல் பெட்ராபோலில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறந்தபின் இடவசதி பெருகியது. மேற்கு வங்க அரசு பின்னர் முறை வைத்து முன்பதிவு செய்யும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. அதற்கு முன் வாரக்கணக்கில் வண்டிகள் நின்ற காலமும் உண்டு.

இந்நிலையை மாற்ற, பூடான், வங்காள தேசம், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகள் 2015 ஜூன் 15ஆம் தேதி திம்புவில் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. அவ்வாண்டு நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்கு ஒரு லாரி வெள்ளோட்டம் போயிற்று. சிலிகுரி வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் 1,500 கிலோமீட்டருக்கு மேல்; இவ்வழியில் 650க்குள். ஆனால் பூடானின் மேலவை ஒப்பந்தத்துக்கு இசையவில்லை. அந்நாட்டை விட்டு மற்ற மூன்றும் முன் செல்வதென்று முடிவாயிற்று. 2024இல் வங்காள தேசத்தில் ஆட்சி மாறிய பின் எல்லை வர்த்தகத்திலேயே மனத்தாங்கல்கள் ஏற்பட்டன. 2025 மே மாதத்தில் அந்நாட்டு ஆயத்த ஆடைகள் தரைவழியாக வருவதை இந்தியா நிறுத்தி, நாவா சேவா, கொல்கத்தா துறைமுகங்களின் வழியே வரச் செய்தது. ஆடைகளோடு பெட்ராபோல் வரையில் வந்துகொண்டிருந்த அந்நாட்டு ஓட்டுநர்களுக்கும், இங்கே ஏற்றி இறக்கிய கூலியாட்களுக்கும் அந்த நடைகள் ஒரே நாளில் இல்லையாயின.

நான்கு நாட்டு ஒப்பந்தத்தின் வாசகத்தை எடுத்துப் பார்த்தால், அயல்நாட்டு வண்டி உள்ளூர்ச் சரக்கை ஏற்றக் கூடாது என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே டாக்காவுக்கு நம் லாரி போவதாலோ, கொல்கத்தாவுக்கு அவர்கள் லாரி வருவதாலோ, இரண்டாவது சுமைப் போட்டி எழப்போவதில்லை. பிழைப்பு மாறப்போவது பன்காவிலும் பேனாபோலிலும் சரக்கு மாற்றிக் கொடுப்பவர்களுக்கு. அவர்களுக்கு என்ன வழி என்பதை ஒப்பந்தம் பேசும்போதே பேசியாக வேண்டும். நெடுந்தூர ஓட்டுநருக்கோ வழக்கு வேறு. எல்லையில் வண்டி நிற்கும் நாட்களுக்கு ஹால்டிங் என்று ஒரு தொகை உண்டு. சரக்குக்கு உரியவர் அதைக் கொடுத்தால் வண்டிக்கு உரியவர் பெற்றுக்கொள்வார். நடைக்கு இவ்வளவு என்று பேசி வந்த ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் அத்தொகையில் எவ்வளவு என்பது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. பெட்ராபோலிலும் இல்லை, லாரேடோ பாலத்திலும் இல்லை.